விடாத பதற்றம் உள்ள பிள்ளைக்குச் சிகிச்சை: சேலம் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலான வீடுகளில் இது வயிற்றுவலியாகத்தான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கி, திங்கட்கிழமை காலை சீருடை போடும் நேரத்தில் உச்சத்துக்குப் போய், பள்ளி வண்டி கடந்து சென்ற அரை மணி நேரத்தில் அடங்கிவிடும் வலி அது. என் மகளுக்கு 8 வயதில் அப்படித்தான் தொடங்கியது. பூச்சி மருந்து கொடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம், பள்ளியை மாற்றினோம். பயத்துக்கென்று ஒரு சிகிச்சை இருக்கிறது என்பதை அறிந்து, அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் முன்னால் போய் உட்காருவதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த வழியில் புதிதாக அடியெடுத்து வைக்கும் பெற்றோருக்கு அந்த ஓராண்டு மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன கேட்பது, எதை எதிர்பார்ப்பது என்பவற்றை, நடந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்ல முடியும்.

இயல்பான பயம் எது, கோளாறு எது

குழந்தைகள் பயப்படுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. எட்டு ஒன்பது மாதத்தில் புதுமுகம் கண்டு அழுவதும், மூன்று நான்கு வயதில் இருட்டுக்கும் இடிக்கும் அஞ்சுவதும், பத்து வயதுக்கு மேல் தேர்வையும் நண்பர்களின் கேலியையும் நினைத்துக் கவலைப்படுவதும் வந்து போகிறவை. பயம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எவ்வளவு நாளாக இருக்கிறது, பிள்ளையின் வாழ்க்கையில் எதையெல்லாம் நிறுத்திவிட்டது என்ற இரண்டு கேள்விகளே முக்கியம். மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, பெற்றோரைப் பிரிய முடியாத பதற்றம் சிறுவர்களிடம் 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது கவனிக்கத்தக்கது. எல்லாவற்றைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறுக்கு 6 மாதங்கள் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் வாயாடியாக இருந்து பள்ளியில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளைப் பொறுத்தவரை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துவிட்டு, அதன் பிறகும் ஒரு மாதம் அப்படியே இருந்தால் விசாரிக்க வேண்டும். கூச்ச சுபாவம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அப்படியே ஆகிறது. ஆனால் பள்ளி, தூக்கம், சாப்பாடு, நட்பு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று வாரக்கணக்கில் கெட்டிருக்கும்போது காத்திருப்பதில் பொருளில்லை.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், எதற்கு முன்னால் பதற்றம் வந்தது, பிள்ளை என்ன சொன்னது, நாம் என்ன செய்தோம், அதன் பின் என்ன ஆயிற்று என்று நான்கு வரி போதும். விடுமுறை நாளில் வலி வரவில்லை என்பது போன்ற செய்திகள் நினைவில் தங்குவதில்லை, நோட்டில்தான் தெரியவருகின்றன.

முதல் படி: குழந்தைநல மருத்துவர்

நேராக மனநல மருத்துவரிடம் போவதில் தவறில்லை என்றாலும், வழக்கமாகப் பார்க்கும் குழந்தைநல மருத்துவரிடம் தொடங்குவது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரப்பதும், இரத்தசோகையும், இளைப்புக்கு இழுக்கும் சால்பியூட்டமால் மருந்தும்கூடப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் தரக்கூடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, எடைக் குறைவு, காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவை இருந்தால் உடலைத்தான் முதலில் ஆராய வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஒரு முறை செய்த சோதனைகள் சரியாக இருந்தால், அதே சோதனையை வேறொரு மருத்துவமனையில் மறுபடியும் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஸ்கேனும் பிள்ளைக்கு ‘எனக்கு ஏதோ பெரிய நோய் இருக்கிறது’ என்ற செய்தியைத்தான் தருகிறது. என் மகள் பின்னாளில் அதை வாய்விட்டே சொன்னாள்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் மெதுவாக விசாரிக்க வேண்டும். பயத்துக்கு உண்மையான காரணம் வெளியே இருக்கலாம்: அடிக்கும் ஆசிரியர், கேலி செய்யும் கூட்டம், தவறாகத் தொடும் ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் வகுப்பில் தினமும் அவமானப்படும் நிலை. இவற்றில் சிகிச்சைக்கு முன்னால் அந்தக் காரணத்தை நீக்க வேண்டும். பாலியல் சீண்டல் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மருத்துவரும் ஆலோசகரும் இதற்கு விலக்கல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கோயிலுக்குப் போவதையும் மந்திரிப்பதையும் பற்றி ஒரு சொல். கோட்டை மாரியம்மன் சன்னதியில் நின்று மனம் ஆறுவது எங்கள் வீட்டிலும் உண்டு, அதை விடச் சொல்லமாட்டேன். ‘பயந்த கோளாறு’ என்று நம் பாட்டிமார்கள் பெயர் வைத்ததே, பயமும் உடலை வாட்டும் என்பதை அவர்கள் கண்டிருந்ததால்தான். அடிப்பது, பட்டினி போடுவது, புகை காட்டி மிரட்டுவது என்று எவரேனும் தொடங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மற்றபடி வேண்டுதலும் சிகிச்சையும் ஒரே வாரத்தில் நடக்கலாம், ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

யார் யார், எங்கே

பெயர்ப்பலகைகள் குழப்பும் என்பதால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்துப் பின் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். நோயை உறுதிசெய்யவும் மருந்து எழுதவும் அவரால் முடியும். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலைக்குப் பின் எம்.ஃபில். போன்ற தொழிற்பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். வாராவாரம் உட்கார்ந்து பேச்சு வழிச் சிகிச்சை தருவது பெரும்பாலும் இவரே. ஆலோசகர் அல்லது கவுன்சிலர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், படிப்பையும் அனுபவத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. முறையாகப் படித்தவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

சேலத்தில் செலவில்லாமல் தொடங்கும் இடம், நாம் ஜி.எச். என்றே சொல்லிப் பழகிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் இருக்கும், பிள்ளைக்குத் தின்பண்டமும் வரைவதற்குத் தாளும் எடுத்துச் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்தெந்த நாளில் எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டால், ஆத்தூர், மேட்டூர், ஏற்காட்டுப் பக்கத்தவர்கள் ஒவ்வொரு முறையும் சேலத்துக்கு வர வேண்டியிராது. தனியார் மருத்துவர்களும் உளவியலாளர்களும் நகரத்தில் இருக்கிறார்கள். ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். நோயறிதலில் சிக்கல் இருந்தால், அதாவது பதற்றத்தோடு ஆட்டிசமோ, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயோ (ஓ.சி.டி.), வலிப்போ சேர்ந்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே மதிப்பீட்டை முடித்துக்கொண்டு, வாராந்தரச் சிகிச்சையைச் சேலத்தில் தொடர்வது பல குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது.

உடனடியாகப் பேச ஒருவர் வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, நாள் முழுதும் உண்டு, தமிழில் பேசலாம்.

எது வேலை செய்கிறது

சிறாரின் பதற்றத்துக்கு மிக அதிகமாக ஆராயப்பட்ட சிகிச்சை, சி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர் கனமாக இருந்தாலும் உள்ளே இருப்பது எளிது. பயந்த இடத்தைத் தவிர்த்தவுடன் பிள்ளைக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது; அந்த நிம்மதியே ‘தவிர்த்ததால் தப்பித்தேன்’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது; அடுத்த முறை தவிர்க்கும் ஆசை இன்னும் பலமாகிறது. இந்தச் சுற்றை உடைக்க ஒரே வழி, பயப்படும் காரியத்தைப் பிள்ளை தாங்கக்கூடிய சிறு சிறு அளவில், அடிக்கடி, தானே செய்து பார்த்து, நினைத்த ஆபத்து வரவில்லை என்பதையும், வந்த பதற்றம் தாங்கக்கூடியதே என்பதையும் அனுபவத்தில் அறிவது. இந்த அறிவு புதியதும் அல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டை நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்து, கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், 12 முதல் 16 வாரங்கள் என்பது வழக்கமான அளவு. முதல் ஓரிரு அமர்வுகள் பேச்சிலும் விளையாட்டிலும் போகும். பயம் உடலில் எங்கே தெரிகிறது, பயம் வரும்போது மனம் என்ன சொல்கிறது என்று பிள்ளை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது. பிறகு பயங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, எளியதிலிருந்து கடினமானதுவரை ஒரு வரிசை தயாராகும். என் மகளுக்கு அவள் சிகிச்சையாளர் ஏற்காட்டு மலைப்பாதையை வரைந்து கொடுத்தார். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது சேலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு காரியத்தை எழுதினார்கள். என்னைப் பிரிந்தால் எனக்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்பது அவள் பயம். ஆகவே முதல் வளைவில், நான் அடுத்த அறையில் இருக்க அவள் கதவைச் சாத்திக்கொண்டு 10 நிமிடம் வரைவது. நான்காவது வளைவில், நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வரும்வரை கீழே தனியாக இருப்பது. ஒன்பதாவதில், அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நான் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் போய்வருவது, அதுவும் இடையில் அலைபேசியில் அழைக்காமல். மேல் வளைவுகளில், அத்தை வீட்டில் ஓர் இரவு தங்குவது எழுதப்பட்டிருந்தது. பள்ளி மட்டும் இந்த வரிசைக்காகக் காத்திருக்கவில்லை. விட்டுப்போகும் ஒவ்வொரு நாளும் திரும்புவதைக் கடினமாக்கும் என்பதால், ஒரு பாடவேளை, பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று அது தனியே நடந்தது.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்’ என்று கேட்டு அவள் சொன்னதை எழுதுவோம். ‘அம்மா வண்டியிலிருந்து விழுந்துவிடுவாள்’ என்று எழுதினாள். திரும்பி வந்ததும் ‘என்ன நடந்தது’ என்று பக்கத்திலேயே எழுதினாள்: ‘கத்தரிக்காய் வாங்கி வந்தாள்.’ இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் சிகிச்சை என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. பயம் முழுதாகப் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. பயத்தோடு செய்யும்போதுதான் அது குறைகிறது.

ஆகவே எந்தச் சிகிச்சையாளரிடம் போனாலும் நான் கேட்கச் சொல்லும் முதன்மையான கேள்வி இது: பயப்படும் காரியங்களைப் படிப்படியாகச் செய்ய வைக்கும் பயிற்சி உங்கள் சிகிச்சையில் உண்டா, அதை வீட்டில் நாங்கள் எப்படித் தொடர்வது? மூச்சுப் பயிற்சியும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் துணை நிற்பவை. மாதக்கணக்கில் அவை மட்டுமே நடந்தால் காரணம் கேளுங்கள். மூன்று நாளில் குணம் என்பவர்களையும், ஐம்பது அமர்வுக்கு முன்பணம் கேட்பவர்களையும், மூளையின் நடுப்பகுதியைத் தூண்டுவதாகச் சொல்லும் வகுப்புகளையும் தவிர்த்துவிடலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

இதைப் படிக்கும்போது எனக்கு வலித்தது, உங்களுக்கும் வலிக்கலாம். ஆனாலும் சொல்ல வேண்டும். பதறும் பிள்ளைக்காக நாம் அன்பினால் செய்யும் பல விட்டுக்கொடுப்புகள் பதற்றத்துக்கே தீனியாகின்றன. அவள் கேட்குமுன் பக்கத்தில் படுத்துக்கொள்வது, கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் நாம் பேசுவது, ‘ஒன்றும் ஆகாதுதானே’ என்ற கேள்விக்கு நாற்பதாவது முறையும் பதில் சொல்வது ஆகியவை அந்த வகை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ‘ஸ்பேஸ்’ என்ற முறை, பிள்ளையை அறைக்குள் அழைக்காமல் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தந்து இந்த விட்டுக்கொடுப்புகளைக் குறைக்கிறது. 7 முதல் 14 வயதுவரை உள்ள 124 சிறாரைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், அது நேரடி சி.பி.டி. சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது. பிள்ளை சிகிச்சைக்கு வரவே மறுக்கும் வீடுகளுக்கு இது பெரிய செய்தி: நீங்கள் மட்டும் போனாலும் தொடங்கலாம்.

செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது கொடுமையாகிவிடும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அமைதியான ஒரு நேரத்தில் முன்கூட்டியே அறிவித்து, பின்வாங்காமல் நடத்த வேண்டும். சொல்லும் சொல்லில் இரண்டும் இருக்க வேண்டும், பயத்தை ஒப்புக்கொள்வதும் பிள்ளையின் திறத்தை நம்புவதும். ‘உனக்குப் பயமா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுது சாமி, அதை உன்னால தாங்க முடியும்னும் தெரியும்’ என்ற ஒரு வாக்கியத்தை நாங்கள் மாதக்கணக்கில் சொன்னோம். ‘இதுக்கெல்லாம் பயமா’ என்பது முதல் பாதியை விட்டுவிடுகிறது. ‘ஐயோ பாவம், வேண்டாம் விடு’ என்பது இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறது. தாத்தாவும் பாட்டியும் அதே வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் ஒரு வார உழைப்பு ஒரு மாலையில் கரைந்துபோகும் என்பதால், ஓர் அமர்வுக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போவதை எப்படிச் சொல்வது என்றும் யோசித்துவிடுங்கள். ‘சொன்னபடி கேக்கலேன்னா டாக்டர் ஊசி போடுவார்’ என்று மிரட்டி வளர்த்த பிள்ளை அங்கே வாய் திறக்காது. ‘பயத்தோடு எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தருகிறவர், ஊசி கிடையாது’ என்று உண்மையைச் சொன்னால் போதும்.

மருந்து

மருந்து என்றதும் அடிமையாக்கிவிடும் என்று அஞ்சுகிறோம். பதற்றத்துக்கு முதலில் எழுதப்படும் செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை அப்படி அடிமையாக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. பதற்றம் மிதமாக இருந்தால் பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சையோடு தொடங்குவார்கள்; கடுமையாக இருந்தாலோ, சிகிச்சையில் ஈடுபடவே முடியாத அளவுக்குப் பதறினாலோ மருந்தும் சேரும். 2008இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 488 பேர் பங்கேற்றனர். 12 வாரங்களின் முடிவில் நன்கு தேறியவர்கள், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம், செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 81 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம்.

இந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைகாட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரிக்கை வெளியிட்டது. எரிச்சல், தூக்கமின்மை, வழக்கத்துக்கு மாறான துள்ளல் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாக நிறுத்தாதீர்கள், மீதியிருக்கும் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்காதீர்கள். பெரியவர்களுக்கு எழுதிய தூக்க மாத்திரையைப் பாதியாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது ஒருபோதும் கூடாது.

சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, அது நாடகம் என்று நினைக்காதீர்கள். தனியாக விடாமல், மாத்திரையையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் பூட்டிவிட்டு, 108ஐ அழைத்தோ நேராகவோ அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிறு வயது, பள்ளி, விடுதி

ஆறு ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களால் எண்ணங்களைப் பிரித்துப் பேச முடியாது என்பதால், பெற்றோர் வழியாக நடக்கும் பயிற்சியே முதன்மை. விளையாட்டு வழிச் சிகிச்சை பிள்ளையைப் பேசவைக்க உதவும். பதற்றத்தைக் குறைப்பதில் அதற்குள்ள சான்று சி.பி.டி. அளவுக்கு இல்லை.

பள்ளியிடம் மறைக்காதீர்கள். வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் நேரில் பார்த்து, மூன்று காரியங்களைக் கேளுங்கள்: காலையில் வாசலில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரே ஆசிரியர், பதற்றம் மிகும்போது ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்துத் திரும்ப ஓரிடம், வயிற்றுவலி என்றவுடன் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது. பேசாத பிள்ளையை எல்லோர் முன்னும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் விடப்படும் பிள்ளைகளின் நிலை வேறு. முதல் சில வாரங்கள் வீட்டு நினைப்பில் அழுவது இயற்கை. பகலில் விளையாடி, இரவில் மட்டும் அழுது, வாரத்துக்கு வாரம் குறைந்துவந்தால் பொறுக்கலாம். சாப்பிடாமல், தூங்காமல், ஒரு மாதத்துக்குப் பின்னும் கூடிக்கொண்டே போனால் விடுதிக் காப்பாளரோடு பேசி மலையிறங்கி ஒரு மதிப்பீட்டுக்கு அழைத்து வாருங்கள். தொலைபேசி நேரத்தை நாள் குறித்து நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகை கேட்டவுடன் ‘நாளைக்கே வந்து கூட்டிப்போகிறேன்’ என்று நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். வாராவாரம் மலையிறங்க முடியாத நிலையில், ஒன்றுவிட்டு ஒரு வாரம் காணொளியில் அமர்வு நடத்த முடியுமா என்று சிகிச்சையாளரிடம் கேட்கலாம்; பிள்ளை தனியாகப் பேச ஓர் அறை வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தேறுவதை எப்படி அறிவது, மறுபடி வந்தால் என்ன செய்வது

முகத்தில் சிரிப்பு வந்ததா என்று பார்க்காமல், மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்குப் போனாள், எத்தனை இரவு தனியே தூங்கினாள், எத்தனை வளைவு கடந்தாள் என்று எண்ணுங்கள். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் அழுகை கூடுவதுண்டு. அது தவறான வழி என்பதற்கு அடையாளமாகாது. எட்டுப் பத்து அமர்வுக்குப் பின்னும் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை என்றால், நோயறிதலை மறுபடி பார்க்கவோ, மருந்து சேர்க்கவோ, வேறொருவரிடம் அனுப்பவோ வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள்.

நன்றாகத் தேறிய பிள்ளைக்கும் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிறகும், வீட்டில் ஒரு மரணத்துக்குப் பிறகும், கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பழைய பதற்றம் எட்டிப்பார்க்கும். எங்கள் வீட்டில் அந்த மலைப்பாதைப் படத்தை எறியாமல் வைத்திருக்கிறோம். மே மாதக் கடைசி வாரத்தில் அதை எடுத்து, நடு வளைவுகள் சிலவற்றை மறுபடி செய்து பார்க்கிறோம். சீருடை போட்டு, பூட்டியிருக்கும் பள்ளியின் வாசல்வரை நடந்து திரும்புகிறோம். சிகிச்சையாளரிடம் ஜூன் முதல் வாரத்துக்கு ஓர் அமர்வை ஏப்ரலிலேயே சொல்லி வைத்துவிடுகிறோம்.